வெள்ளைக் குதிரையின் வால்

காலை ஏழு மணி. பூட்டிய லாயத்துக்குள் வெள்ளைக் குதிரை நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நேற்று மாலைவரை தரையைத் தொட்ட வால், இப்போது வெறும் மொட்டைக் குச்சி.

முடி முழுவதும் லாயத்து மூலையில் இருந்த லாயக்காரரின் பெட்டியில் கட்டாகக் கிடந்தது. லாயத்துச் சாவியும் அவரிடம்தான்.

"பிடில் வில்லுக்கு விக்கத்தான் வெட்டியிருக்கான்" என்றான் குதிரையேற்றப் பள்ளி முதலாளியம்மாவின் தம்பி.

"மக பிரசவத்துக்கு ரெண்டு வாரம் லீவும்மா. நேத்து ராத்திரிதான் வந்தேன். தம்பிகிட்ட சாவியை வாங்கி, இருட்டுலயே பூட்டிட்டுப் படுத்துட்டேன்." லாயக்காரர் முதலாளியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடிக்கட்டைப் பிரித்தார். கத்தரி பட்ட நுனி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேரோடு வந்த முடி. வலிக்கப் பிடுங்கியிருந்தால் குதிரை தடுப்புப் பலகையை உதைத்தே நொறுக்கியிருக்கும். பலகையில் ஒரு கீறலும் இல்லை. பிடரியைத் தடவினார். கொத்தாகக் கையோடு வந்தது.

நேரே தீனித்தொட்டிக்குப் போனார்.

"இவர் லீவுல இருந்தப்ப யார் தீனி போட்டது?"

"நான்தான். அகத்தி" என்றான் தம்பி.

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போய் அகத்திக் கொத்து ஒன்றை ஒடித்து வந்தார். தொட்டியின் அடியில் கிடந்த கொத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க. அகத்தியில ஒரே ஈர்க்கு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பெரிய இலை. இதுல ஈர்க்கே கிளை கிளையாப் பிரியுது, இலை பொடிப்பொடியா இருக்கு. வேலியோரம் நிக்கிற சூபாபுல் மரத்துத் தழை. ரெண்டும் அவரைக் குடும்பம்தான். ஆடுமாடு இதை ஓரளவு தாங்கும். குதிரைக்கு நாள்கணக்காப் போட்டா பிடரியும் வாலும் உதிர்ந்துடும். சின்ன வயசுல என் முயலை நானே இப்படித்தான் மொட்டையாக்கினேன்."

"தெரியாமப் போட்டிருப்பேன் மேடம்."

"தெரியாமப் போட்டவர் முடியை உருவிக் கட்டி அடுத்தவர் பெட்டியில வைப்பாரா? நேத்து ராத்திரிவரைக்கும் சாவி உங்க கையிலதானே இருந்துச்சு? இது உங்க வேலைதான்."

"ஏன்டா?" என்றாள் அக்கா.

பதில் லாயக்காரரிடமிருந்து வந்தது. "குதிரையைச் சவுக்கால அடிக்காதீங்க, அக்காகிட்ட சொல்லிடுவேன்னு சொன்னேம்மா. அதுக்குத்தான் இருக்கும்."

"பொய்!" தம்பி கையை ஓங்கினான்.

குதிரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றாள்.

லாயக்காரர் அதற்குள் தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார்.