ஜன்னலோரம் ஒரு சாட்சி

டெலிபோன் அலறியது.

காலை பதினொரு மணி. சர்வீஸ் சென்டரில் ஏழு பேர் டோக்கனோடு நின்றார்கள். டெக்னீஷியன் பெண் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்."

"சிம் போடுற ரவுட்டர் மேடம்... செட்டிங்ஸ் மாத்துற அட்மின் பக்கத்துல பாஸ்வேர்ட் தப்பு, தப்புன்னே வருது."

"பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசியை விட்டுப் பத்து செகண்ட் அழுத்துங்க. எல்லாம் புதுசா வந்துடும்."

"அப்போ பழசு?"

"அழிஞ்சிடும்."

"அழியக்கூடாது மேடம்!" குரல் உடைந்தது. "என் தங்கச்சி செத்து மூணு நாளாச்சு. எப்படிச் செத்தான்னு அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்!"

அவள் கையிலிருந்த பேனா நின்றது.

"கனெக்‌ஷன் நம்பர் சொல்லுங்க."

சொன்னான். தட்டினாள். திரையில் பழைய புகார்கள் வரிசையாக வந்தன.

'என் போன் மட்டும் அடிக்கடி கட் ஆகிறது.'

இரண்டு மாதத்தில் நான்கு முறை அதே புகார். நான்குக்கும் கீழே ஒரே பதில்... 'வாடிக்கையாளர் தவறு. புகார் முடிக்கப்பட்டது.'

முடித்தது யார்?

அவளேதான்!

கடைசி முறை அந்தப் பெண் குரல் எவ்வளவு தயங்கியது என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. 'வீட்ல வேற யாராவது என் போனை நிறுத்த முடியுமா மேடம்?' அன்றைக்கும் வரிசை நீளம். 'அட்மின் பக்கத்துல பாருங்க, ஸ்டிக்கர்ல பாஸ்வேர்ட் இருக்கும்' என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"எங்கேருந்து பேசுறீங்க?"

"பக்கத்துத் தெரு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்துதான்."

"அங்கேயே இருங்க. நான் வர்றேன்."

*

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

முன் சீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"டாக்டர் ஆஸ்துமான்னு எழுதிக் குடுத்துட்டார்மா. இயற்கை மரணம். இவர் விட்டாத்தானே! இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கே வந்து வாசல்ல நிக்கிறார். என் சொந்த மச்சான்கூட என்னை இப்படிப் படுத்தினதில்ல. ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்கேன்."

பின் சீட்டில் அண்ணன். லாரி டிரைவர். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான்.

"அது கல்குவாரிச் சரிவு மேடம். வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது. மாடி ரூம் ஜன்னல்ல ரவுட்டரை வச்சா அதுக்கு மட்டும் கிடைக்கும். போன் பேசணும்னாக்கூட வைஃபை வழியாத்தான். அன்னிக்கு மத்தியானம் எனக்குப் பன்னிரண்டு தடவை போன் போட்டிருக்கா. அவ போன்ல இருக்கு. எனக்கு ஒண்ணுகூட வரல."

"நெட்வொர்க் போயிருக்கும்யா..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன். ஆனா நேத்து துக்கம் கேட்க வந்தவங்ககிட்ட மாப்பிள்ளை சொல்றான்... 'மூணு மணிக்குக்கூட என் கண்ணாடிக்கடையில இருந்து கேமராவுல பார்த்தேன், தூங்கிட்டுத்தான் இருந்தா'ன்னு. நெட்வொர்க் இல்லாம கேமரா எப்படி சார் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் டைரியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

டெக்னீஷியன் மெதுவாகக் கேட்டாள். "அவங்க எங்கே... விழுந்து கிடந்தாங்க?"

"ஜன்னலுக்குக் கீழே. மூச்சு முட்டியிருக்கு. காத்துக்காகத் தவழ்ந்து போயிருக்கா. வெளிய எட்டிக் கூப்பிட்டாலும் குவாரி மெஷின் சத்தத்துல யாருக்குக் கேட்கும்?"

டெக்னீஷியன் அவன் பக்கம் திரும்பினாள்.

"ரவுட்டரை யாராவது ஆஃப் பண்ணாங்களா?"

"இல்ல. மூணு நாளா நான் அந்த ரூம்லயேதான் படுத்திருந்தேன். அவ விழுந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மனசு வரல. இன்னிக்குக் காலையிலதான் வெளிய வந்தேன்."

"இப்போ வீட்ல யார்?"

"மாப்பிள்ளை மட்டும்தான்."

அவள் நிமிர்ந்தாள். "சார்... ஜீப்பை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க!"

*

மாடிப்படி. திறந்த கதவு. கட்டிலில் மடித்து வைத்த போர்வை. அலமாரிக் கதவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது தங்கையின் துப்பட்டா.

ஜன்னலருகே கணவன்!

இடது கையில் வயர் கழற்றாத ரவுட்டர். வலது கையில் ஒரு சேஃப்டி பின்...

"கையை எடுங்க!" டெக்னீஷியன் கத்தினாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"என்ன மச்சான் இது? வீட்டுக்குள்ள போலீஸைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? இந்த டப்பா ரிப்பேர். ரீசெட் பண்ணலாம்னு..."

"சம்சாரம் போய் மூணாவது நாள்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள ரிப்பேர் வேலையா? ரொம்பத்தான் சுறுசுறுப்பு. கீழே வைங்க."

சேஃப்டி பின் தரையில் விழுந்தது.

டெக்னீஷியன் லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினாள். 192.168.1.1 என்று தட்டினாள். பக்கம் திறக்கவில்லை.

"ரிப்பேர்னு சொன்னேனே!" என்றான் கணவன்.

"ரிப்பேர் இதுல இல்ல. ஆபீஸ் வேலைக்காக என் லேப்டாப்புக்கு வேற நெட்வொர்க் அட்ரஸ் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன். அதை எடுத்துட்டா சரியாயிடும்."

எடுத்தாள். மறுபடி தட்டினாள். திறந்தது!

ரவுட்டரைத் திருப்பி ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டாள்.

'தவறு. இன்னும் நான்கு வாய்ப்புகள்.'

"யாரோ மாத்தியிருக்காங்க."

எல்லாருடைய பார்வையும் கணவன் மேல் போனது.

"சத்தியமா நான் மாத்தல! எனக்கும்தான் திறக்க மாட்டேங்குது!"

சுவரில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு. மூன்று வாய்ப்புகள். கல்யாண நாள்... தவறு. தங்கையின் பிறந்தநாள்... தவறு.

ஒன்றே ஒன்று!

"இதுவும் தப்பானா?" இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"பூட்டிக்கும் சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் மறுபடி திறக்கும். ஆஃப் பண்ணா உள்ள இருக்கிற பதிவெல்லாம் போயிடும்."

கணவன் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார்.

டெக்னீஷியன் தரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ரவுட்டரின் அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"அண்ணா... உங்க தங்கச்சி காத்துக்காக ஜன்னலுக்குப் போகல!"

"என்ன சொல்றீங்க?"

"இந்த ஸ்டிக்கரைப் படிக்கப் போயிருக்காங்க! போனுக்கு வெளியே போற வழியை அடைச்சாலும் பெட்டியோட அட்மின் பக்கம் திறக்கும். பழைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ள நுழைஞ்சு... புதுசா மாத்தினது அவங்கதான்! இவருக்குத் தெரியாத ஒண்ணைத்தான் வச்சிருப்பாங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கும். யோசிங்க!"

அண்ணன் விழித்தான்.

"சின்ன வயசுல அவளை... வாத்துன்னு கூப்பிடுவேன் மேடம். நடை அப்படி இருக்கும். 'வாத்து வாத்து'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பா. கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை முன்னாடி அப்படிக் கூப்பிட்டதே இல்ல... கௌரவக் குறைச்சலா நினைச்சுக்குவாளோன்னு..."

"எட்டு எழுத்துக்கு மேல இருக்கணும். ரெண்டு தடவை போட்டா சரியா வருது."

இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். வாத்துவாத்து.

என்டர்.

திறந்துகொண்டது!

அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

*

டெக்னீஷியன் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தேய்ந்தது.

"ரெண்டு இருபத்தெட்டு. தங்கச்சி போனுக்கு இன்டர்நெட் தடை. போட்டது, வெளியிலிருந்து... 'கடை போன்'."

"அது... எங்களுக்குள்ள சின்ன சண்டை," என்றான் கணவன். "கோபம் வந்தா அப்படித்தான் கட் பண்ணுவேன். அப்புறம் நானே எடுத்து விட்டுடுவேன் சார்."

நான்கு புகார்களும் டெக்னீஷியனின் நினைவுக்கு வந்தன. அடுத்த வரிக்குப் போனாள்.

"ரெண்டு ஐம்பத்தொண்ணு. தங்கச்சி போன்ல இருந்து அட்மினுக்குள்ள நுழைஞ்சிருக்காங்க. தடை நீக்கம். ரெண்டு ஐம்பத்திரெண்டு... கடை போன். மறுபடி தடை. ரெண்டு ஐம்பத்தஞ்சு... நீக்கம். அதே நிமிஷம்... தடை. ரெண்டு ஐம்பத்தெட்டு... நீக்கம். தடை."

ஒரு விரலால் திரையைக் கீழே தள்ளினாள்.

"போன் போறதுக்குள்ள திரும்பத் திரும்ப அடைச்சிருக்கார் சார். அதனாலதான் மூணு மணிக்குப் பாஸ்வேர்டையே மாத்தி இவரை வெளிய தள்ளியிருக்காங்க. மூணு ஒண்ணு, மூணு ரெண்டு, மூணு மூணு... கடை போன். தவறான பாஸ்வேர்ட். தவறான பாஸ்வேர்ட். தவறான பாஸ்வேர்ட்."

இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

"மூணு மணிக்குப் பார்த்தேன்னு சொன்னீங்களாமே. தூங்கினாங்களா?"

கணவன் கீழே கிடந்த பின்னை எடுக்கக் குனிந்தான்.

"தூங்கினாங்களாய்யா?"

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"எங்க அண்ணன் வீட்டுக்கே போறேன், இனி திரும்ப மாட்டேன்னு காலையில சொன்னா சார்! மூச்சு வாங்குறதைப் பார்த்தேன். நடிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம்... நடிப்பில்லன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம்?"

"அவன்கிட்ட போறதுக்குப் பதிலா இப்படியே..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அண்ணன் பாய்வான் என்று இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார். அண்ணன் அசையவே இல்லை. டெக்னீஷியனை மட்டும் பார்த்தான்.

"மேடம்... இவனை வெளிய தள்ளினப்புறம் என்ன பண்ணா?"

"மூணு நாலு. தடையை எடுத்துட்டாங்க."

"அப்போ நெட்வொர்க் இருந்துச்சா?"

"இருந்துச்சு. முழுசா."

"அப்புறம் ஏன் எனக்கு அடிக்கல? நான் போனைப் பக்கத்துலதானே வச்சிருந்தேன். ஒரு தடவை அடிச்சிருந்தா..."

அவள் லேப்டாப்பை மூடினாள். என்ன சொல்வது? வழி திறந்தபோது மூச்சு தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அவனே புரிந்துகொண்டான். ஜன்னலுக்குக் கீழே தரையில் உள்ளங்கையை விரித்து வைத்தான். தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல மெல்லத் தட்டினான். "வாத்து... வாத்து..." என்றான்.

டெக்னீஷியன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா... நாலு தடவை எங்ககிட்ட புகார் பண்ணியிருக்காங்க. எடுத்தது நான்தான். ஒரு தடவை நேர்ல வந்து பார்த்திருந்தா..."

அவன் தரையிலிருந்து கையை எடுத்தான்.

"நானும் மூணு மாசமா வந்து பார்க்கல மேடம்," என்றான். "லோடு, லோடுன்னு சுத்திட்டே இருந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கணவனின் தோளில் கை விழுந்தது.

"கிளம்புங்க மாப்பிள்ளை சார். ரெண்டு சட்டை எடுத்துக்கங்க. மாமியார் வீட்டுக்குப் போகணும்."

கணவன் குழம்பிப்போய் நிமிர்ந்தான். "எனக்கு மாமியாரே இல்லையே சார்... அவங்க செத்துப் பல வருஷமாச்சு."

"எங்க மாமியார் வீடு அப்படியில்லய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "போன மாப்பிள்ளையைச் சீக்கிரத்துல திருப்பி அனுப்பவே மாட்டாங்க!"