வரிசையின் வால்

இருபத்தைந்து என்ற எண்ணுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சிவிடும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடப் பள்ளி. அதன் ஐந்தாம் வகுப்பில், 1938ஆம் ஆண்டில், அப்படி மிஞ்சியவள் பிறிஜெற். அப்பாவுக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலை மாற்றம் கிடைத்ததால் மன்னாரிலிருந்து வந்தவள். அவள் வரும்போதே மற்ற இருபத்து நான்கு பேரும் பன்னிரண்டு சோடியாக இருந்தார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. கேலியும் செய்யவில்லை. அவளோடு கதைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவள் சில நாள் நினைத்ததுண்டு.

அந்தச் சனிக்கிழமை சிஸ்டர் அகத்தா ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, வகுப்பு முழுவதையும் கொழும்பு பார்க்கக் கூட்டிப்போனார்.

"வெள்ளைக்காரர் கடல் கடந்து வந்து எங்கட கொழும்பைப் பாத்திட்டுப் போகினம். பக்கத்தில இருக்கிற நீங்கள் பாக்கவேண்டாமே?" என்றார். "சோடியா நில்லுங்கோ. கையை விடக்கூடாது."

இறங்கிய இடமெல்லாம் ஒரே சடங்குதான். பிள்ளைகள் கைகோத்து வரிசையில் நிற்பார்கள். சிஸ்டர் குடை நுனியால் ஒவ்வொரு சோடியாகத் தொட்டு எண்ணுவார். பன்னிரண்டு வந்ததும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். வரிசையின் வாலில் தனியாக நிற்கும் பிறிஜெற் வரை அந்தக் குடை வந்ததே இல்லை.

முதலில் கோட்டை மணிக்கூண்டு. அதன் தலையில் கலங்கரை விளக்கம். கப்பலிலிருந்து வந்த ஒரு துரை அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போனார். அவருடைய தொப்பி கழன்று ஓர் இளநீர் வண்டிக்குள் விழுந்தது. வண்டிக்காரர் அதைக் கவனிக்காமல், தொப்பியையும் சேர்த்து அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். துரையும் கவனிக்கவில்லை. இன்னும் அண்ணாந்துகொண்டே நின்றார்.

பிறிஜெற்றுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியே?" என்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அடுத்தது நூதனசாலை என்னும் அருங்காட்சியகம். சிங்களச் சனம் அதைக் 'கட்டுகே', அதாவது எலும்பு வீடு, என்று சொல்லும். பெயருக்கேற்ப அங்கே ஒரு பெரிய திமிங்கில எலும்புக்கூடு இருந்தது. எல்லோரும் தலைப்பக்கம் முண்டியடித்தார்கள். பிறிஜெற் வால் எலும்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கேதான் இடம் இருந்தது.

வெளியே வந்து ஆலமரத்தடியில் வரிசை கட்டும்போது ஓர் அதிசயம் நடந்தது. றெஜினா வந்து பிறிஜெற்றின் கையைப் பிடித்தாள்.

"நான் உன்னோட வாறன்."

"உன்ர சோடி மாக்ரெட் எங்க?"

"ஆருக்குத் தெரியும்? பஸ்ஸில யன்னல் பக்கத்தை எனக்கு விடமாட்டாளாம். நான் அவளோட கோவம். அவள் தனிய வரட்டும்."

றெஜினாவின் கை இனிப்புப் பிசுக்கோடு ஒட்டியது. அதைவிட நல்ல கை உலகத்தில் இருக்கமுடியாது என்று பிறிஜெற்றுக்குத் தோன்றியது.

"அடுத்தது காலிமுகத்திடல். அங்க பட்டம் விடுவினமாம். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம்," என்றாள் றெஜினா.

சிஸ்டர் எண்ணிக்கொண்டு வந்தார். "பத்து, பதினொண்டு, பன்னிரண்டு." குடை நுனி முதல் முறையாகப் பிறிஜெற்றின் தோளைத் தொட்டது. "சரி, நடவுங்கோ."

பிறிஜெற் சந்தோஷத்தோடு நடந்தாள். நடந்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். மாக்ரெட் அங்கே தனியாக வந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் வால் வெறுமையாக இருந்தது.

அந்த இடத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. அது வெறுமையாக இருக்கக்கூடாது.

சொன்னால் மாக்ரெட் வந்துவிடுவாள். வந்தால் றெஜினாவின் கோபம் எத்தனை நிமிடம் தாங்கும்? பஸ் கிட்டத்தில்தான் நின்றது. மாக்ரெட் தானாகவே ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்துப் பத்து அடி எண்ணி நடந்தாள். யாரும் ஓடி வரவில்லை.

தான் இல்லாததை ஒருவரும் கவனிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பிறிஜெற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அந்தப் பிசுக்குக் கையை விட்டாள். வரிசையின் முன்பக்கம் ஓடினாள்.

"சிஸ்டர், ஒராள் குறையுது."

"பன்னிரண்டு சோடி சரியாத்தானே இருக்கு?"

"சோடி சரி சிஸ்டர். வாலைத்தான் காணேல்லை."

"வாலோ?"

"நான்தான் சிஸ்டர் வால். இப்ப நான் றெஜினாவோட சோடியா வாறன். அப்ப வாலில வேற ஒராள் வரவேணுமெல்லே?"

சிஸ்டரின் குடை கக்கத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

எல்லோரும் திரும்பி ஓடினார்கள். திமிங்கிலத்துக்கு அப்பால் ஒரு கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் மாக்ரெட் குந்தியிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"றெஜினா தேடி வருவாள் எண்டு ஒளிச்சிருந்தனான்," என்று விம்மினாள். "ஒருத்தரும் வரேல்லை."

றெஜினாவுக்கும் அழுகை வந்துவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டார்கள். கோபம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுபடியும் ஆலமரத்தடி, மறுபடியும் வரிசை. யாரும் சொல்லாமலே பிறிஜெற் வாலுக்குப் போய் நின்றாள். உள்ளங்கையில் இனிப்புப் பிசுக்கு இன்னும் இருந்தது. அதை மெதுவாகப் பாவாடையில் துடைத்தாள்.

"என்னைக் காணேல்லை எண்டு ஆர் கண்டது?" என்று முன்னால் மாக்ரெட்டின் குரல் கேட்டது.

"பிறிஜெற்தான். வேற ஒருத்தருக்கும் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை," என்றாள் றெஜினா.

மாக்ரெட் றெஜினாவை இழுத்துக்கொண்டு வாலுக்கு வந்தாள். பிறிஜெற்றின் வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் மற்றவள்.

"நீ நடுவில நில்லு," என்றாள் மாக்ரெட்.

சிஸ்டர் எண்ணி வந்தார். பதினொன்று வந்ததும் நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு குடை நுனியால் மூன்று தோளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"பதினொரு சோடி, ஒரு மூண்டு," என்றார். "நடவுங்கோ."

பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து இருந்தார்கள். யன்னல் பக்கம் பிறிஜெற்றுக்குக் கிடைத்தது. அதைப்பற்றி யாரும் சண்டை போடவில்லை.

"காலமை ஒரு துரையின்ர தொப்பி இளநீர் வண்டியில போனது, பாத்தனீங்களே?" என்று கேட்டாள் பிறிஜெற்.

"இல்லையே," என்றார்கள் இருவரும் ஒன்றாக. "சொல்லு."