நாலாம் கட்டிலில் மூன்று நாள்

"ரத்தம்! உம்மாட வாயில ரத்தம்! என்ன மிஸ் செய்யிறீங்க?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரும் இப்படிக் கத்துவதில்லை. நாலாம் கட்டில் நோயாளியின் மேல் குனிந்திருந்த தாதி சஹ்லா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாரி மழையில் நனைந்த சட்டையோடு ஒருவன் நின்றான். கோபத்தில் எரிந்தாலும் என்ன கண்கள் அவை, யா அல்லாஹ்... அழுதும் அழுது முடியாத கண்கள்.

அவள் கையிலிருந்த பஞ்சு சிவந்துதான் இருந்தது.

"வெத்திலை," என்றாள் மெதுவாக. "மயங்கி விழக்குள்ள சப்பிக்கிட்டு இருந்திருக்காங்க. கன்னத்துக்குள்ள ஒதுங்கிக் கிடக்கு."

"பொய் சொல்லாதீங்க!"

அவன் நகங்களில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. மருதமுனைத் தறிக்காரன்தான், சந்தேகமில்லை. "நூலுக்குச் சாயம் போடுற ஆள் போல இரிக்கு... சாயத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

கேட்டிருக்கக் கூடாது. வாய்க்கொழுப்பு என்று அவளைப் பெற்றவள் சும்மாவா திட்டுகிறாள்! றிபாஸ் என்ற அந்த ரோசக்காரன் நேரே மேட்ரனிடம் போய் முறைப்பாட்டுக் கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டான்.

"விசாரணை முடியும் வரைக்கும் நாலாம் கட்டிலுக்குப் போகாதீங்க புள்ள," என்றார் மேட்ரன்.

சஹ்லாவுக்கு நெஞ்சு கொதித்தது. வாய்ப் பராமரிப்புப் பயிற்சியை முடித்துக்கொண்டு போன மாதம்தான் வந்திருந்தாள். பல்லு விளக்க ஒரு பயிற்சியா என்று சிரித்தவர்களும் உண்டு. மூச்சுக்குழாய் போட்ட நோயாளிக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, எச்சிலை உறிஞ்சி எடுத்து, பல் பல்லாக விளக்க வேண்டும். விட்டால் வாயின் அழுக்கு வழிந்து நுரையீரலில் இறங்கும். பிறகு காய்ச்சல்... பிறகு சொல்ல ஏலாது.

அவளுக்குப் பதிலாக வந்த பஸ்னா நல்ல பிள்ளைதான். பயிற்சி இல்லை, வேலையோ தலைக்கு மேல். சித்தி லைலா என்ற அந்த உம்மாவின் உதட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். முதலாம் கட்டிலிலிருந்து சஹ்லா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'தலையை உயர்த்தி உள்ளுக்கும் விளக்குங்க' என்று ஒரு வார்த்தை... சொல்லவில்லை. என்னைக் குறை சொன்னாரே, இப்ப பார்க்கட்டும்! மூன்று நாள் அப்படியே போயிற்று.

நாலாம் நாள் காய்ச்சல் அடித்தது. நெஞ்சில் கிருமி என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் றிபாஸ் அவள் முன்னால் வந்து நின்றான். "வெத்திலைதான் மிஸ்... டொக்டர் சொன்னார். கடதாசிய வாபஸ் எடுத்துட்டன். மாப்புத் தாங்க."

அவள் நாலாம் கட்டிலுக்குப் போய்ப் பிரஷை எடுத்தாள். "உம்மா... வாயத் துப்பரவாக்கப் போறன். கொஞ்சம் பொறுத்துக்கங்க, என்ன?"

"பதில் சொல்லாத ஆளோட கதைக்கிறீங்களே..."

"ஒங்களோட கதைக்கிறத விட லேசு."

அவன் சிரித்தான். சிரித்த கண்ணிலிருந்தே நீரும் வழிந்தது... அந்தக் கணம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பார்வையாளர் நேரத்தில் அவள் கண் வாசலிலேயே கிடந்தது. அவனும் உம்மாவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பான். சொல்லாமலே இருவருக்கும் விளங்கியது. விளங்க விளங்க அவளுக்குப் பயம்தான் கூடியது. இந்த உம்மா எழும்ப வேண்டுமே, ரப்பே... எழும்பினால்தானே என் குற்றம் கழியும்!

எழும்பவில்லை. ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குச் சற்று முன் சித்தி லைலா மவுத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய மறுநாள், ஆஸ்பத்திரி வாசலில் அவன் காத்து நின்றான். தூறல் விடவில்லை.

"சஹ்லா..." 'மிஸ்' என்று கூப்பிடுவது போய்விட்டது. "நம்மட ஊர்ல பொண்ணு வீட்டாக்கள்தான் மாப்பிள்ளை கேட்டு வாற. முறைய மாத்தி நானே கேக்கிறன்... ஒங்களுக்கு விருப்பமா?"

ஓம் என்று சொல்லத் துடித்தது நாக்கு. ஆனால் அந்த மூன்று நாளை மறைத்துக்கொண்டு இவனோடு எப்படி வாழ்வது?

"அதுக்கு முதல் ஒண்டு கேளுங்க," என்றாள். "நான் இல்லாத மூணு நாளும் உம்மாட வாய ஒழுங்காக் கழுவல்ல. நான் கண்டன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா... இண்டைக்கு இருந்திருப்பாங்களோ என்னவோ. ரோசத்துல சொல்லாம இருந்துட்டன். இப்ப போங்க... நான் கோவிக்க மாட்டன்."

அவன் போகவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றான். "கடதாசி குடுத்த அண்டைக்கே டொக்டர் சொல்லிட்டார், வெத்திலைண்டு. அண்டைக்கே! மூணு நாளும் கண்ணாடிக்கு வெளிய நிண்டன். அந்தப் புள்ள உதட்ட மட்டும் தொடச்சிட்டுப் போறத நானும் கண்டன். ஒங்களக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு பொம்பளைக்கிட்ட போய் மாப்புக் கேக்கிறதாண்டு... என்ட உம்மா, சஹ்லா. என்ட சொந்த உம்மா."

முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் அழுதான். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"இத ஒங்களத் தவிர ஆருக்கிட்டயும் சொல்ல ஏலாது எனக்கு," என்றான்.

"எனக்கும் ஏலாது." சஹ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாப்பாவ நாளைக்கு ஒங்கட வீட்டுக்கு அனுப்புறன்."