எத்தனை கை

உலகத்தில் பயம் என்று ஒன்று கிடையவே கிடையாது; எர்த் சரியாகக் கொடுக்கப்படாத மனிதர்கள்தான் இருக்கிறார்கள். டிரைவர் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மின்சார அலுவலகத்தின் லாரியை ஓட்டுவதும், லாரி நின்றதும் இறங்கித் தரைவேலை பார்ப்பதுமாக ஒன்பது வருடம் கழித்து, கருகிய வௌவால்களையும் ஒரு முறை ஒரு குடையையும் கம்பியிலிருந்து கழியால் தள்ளிவிட்டு, அவன் சொந்தமாகக் கண்டடைந்த தத்துவம் அது. உடம்புக்குள் தேங்கிய ஏதோ ஒன்று மண்ணுக்கு இறங்க வழி தெரியாமல் தவிக்கிறது, அதற்குப் போய் பயம் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேன்டீனில் விளக்குவான். கேட்டவர்கள் அவனுக்கே எர்த்து என்று பேர் வைத்துவிட்டார்கள். பட்டமளிப்பு விழாவில் கை குலுக்கி வாங்கிய பட்டம் மாதிரி அவன் அதை வைத்துக்கொண்டான்.

எர்த்துவுக்கு ஆகாத ஒரே விஷயம் கை எண்ணுவது. வேலை முடிந்து, கம்பியில் மறுபடி மின்சாரம் விடச் சொல்வதற்கு முன்னால், வேலையில் இறங்கிய ஒவ்வொருவரும் லாரியின் பானெட் மேல் ஒரு கையை வைக்க வேண்டும். டிரைவர் தன் கையையும் சேர்த்து அந்தக் கைகளை எண்ணி, கன்ட்ரோல் ரூமுக்குப் போனில் சொல்ல வேண்டும். எப்போதோ வேறு ஒரு குழுவில், ஓர் ஆள் கம்பத்தின் மேல் இருக்கும்போதே எல்லாரும் இறங்கியாயிற்று என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு. இரண்டு பேர் போகிற வேலைக்கு எண்கணிதம் எதற்கு என்று எர்த்து கேட்பான். இன்றைக்குக் கையை எண்ணுகிறார்கள், நாளைக்குக் கால்களை எண்ணுவார்கள், தான் ஓய்வு பெறுவதற்குள் பல்லுக்கு வந்துவிடுவார்கள் என்பான்.

அன்றைக்கும் லாரியில் அதே பேச்சுதான். பக்கத்தில் இருந்த லைன்மேன் அவனுடைய அக்காவின் கணவர். எட்டு வருடமாக ஒரே லாரி, ஒரே சண்டை. கை வைக்காமல் போனை எடுத்தால் மச்சான் லாரிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற ரகம். அக்காவுக்கு இது எட்டாவது மாதம். காலையில் வாசலில் நின்று, போறபோது எப்படிப் போறாரோ அப்படியே கொண்டுவந்து விடணும் என்று தம்பியிடம் சொன்னாள். ரசீது எழுதித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"குழந்தை வரப்போகுதுன்னதும் உங்களுக்கு பானெட்டே சாமியாயிடுச்சு மச்சான்" என்றான் எர்த்து, கியரை மாற்றிக்கொண்டே.

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மச்சான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்று எர்த்துவுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

மேட்டுச் சாலையில் மணி மூன்றரைக்கே பனி மூட்டம் இறங்கியிருந்தது. லாரியின் முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. அறுந்த இணைப்பு இருந்த கம்பத்தைக் கண்டுபிடித்து, கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிற அக்காவிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடைக் கழியால் மாட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. மச்சான் மழைக்கோட்டின் தலைமறைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினார். முதலில் தலை போயிற்று, பிறகு முதுகு, பிறகு இடுப்புப் பட்டையில் தொங்கிய ஸ்பேனர்கள். கடைசியாக இரண்டு பூட்ஸ் அடிகள் மட்டும் வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவையும் போயின. மேலிருந்து கைக்கயிறு தொங்கியது. சாமான் ஏற்றி இறக்குவதற்கான கயிறு. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் அனுப்பு, மூன்று என்றால் இறங்கு. எர்த்து கேட்டதைக் கட்டி அனுப்பிக்கொண்டு, ஈரத் தைல மரங்களின் வாசனையையும் லாரியின் சூடான ஆயில் வாசனையையும் மாறி மாறி முகர்ந்துகொண்டு, இலைகளிலிருந்து சொட்டும் நீர்ச் சத்தத்துக்கு நடுவே மேலே மச்சான் விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான். வேலை செய்யும்போது விசிலடிப்பார். ராகம் என்று எதுவும் இருக்காது, கெட்டில் கொதிப்பது மாதிரி இருக்கும்.

எப்போது அது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

நாலேகாலுக்கு மச்சான் இறங்கி வந்தார். மழைக்கோட்டிலிருந்து நீர் வடிந்தது. எர்த்துவைத் தாண்டி நடந்து, பானெட்டைத் தாண்டி நடந்து, கை வைக்காமல், கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எட்டு வருடத்தில் முதல் தடவை. எர்த்து அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டான். எர்த் ராடைக் கழற்றி லாரியில் போட்டுவிட்டு, அங்கிருந்தே போன் செய்தான். கேபினுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினான். வேலை முடிந்தது, ரெண்டு கை, மின்சாரம் விடலாம்.

"நல்லா எண்ணினியா?" என்றாள் கன்ட்ரோல் ரூம் அக்கா.

"ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்க்கா."

கீழ்ப்பக்கம் இன்னொரு குழு முடிக்க வேண்டியிருக்கிறது, பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அவள் வைத்தாள். எர்த்து கயிற்றைச் சுருட்டப் போனான்.

கையில் எடுத்ததும் கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

காற்று என்று முதலில் நினைத்தான். காற்று இருந்தால் பனி அசையும். பனி சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மேலே கப்பி எங்காவது சிக்கியிருக்கும் என்று நினைத்தான். சிக்கிய கப்பி கயிற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, இப்படி இழுத்து, விட்டு, ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி இழுக்காது. திரும்பிப் பார்த்தான். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் தலைமறைப்பு நேராக உட்கார்ந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஆள் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி ஆவி பிடித்துவிடும், துணியால் துடைத்துத் துடைத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்பது ஒன்பது வருட அனுபவம். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

எர்த்து கயிற்றை மெதுவாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

மேலிருந்து ஒரு தடவை பதில் வந்தது.

பிறகு கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. ராகமில்லாமல். அந்த வெள்ளைக்குள் எங்கோ, சரியாகக் கம்பத்தின் உச்சி இருக்க வேண்டிய இடத்தில்.

"மாப்ள, டேப் அனுப்ப எவ்வளவு நேரம்டா? கை விறைச்சுப் போச்சு" என்றது மச்சானின் குரல்.

மணி பார்த்தான். பத்து நிமிடத்தில் ஆறு போயிருந்தது.

எர்த் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கம்பியில் அதை மறுபடி மாட்டிவிட்டால் மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், மேலே இருக்கிறவர் யாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்வார். கழற்ற ஒரு இழுப்பு போதும். மாட்டுவதற்குக் கண் தெரிய வேண்டும். கழியை மேலே நீட்டி நீட்டித் துழாவினான். கொக்கியில் எதுவும் மாட்டவில்லை. பனி. மறுபடி. பனி. கழி வழுக்கி அவன் காலடியில் விழுந்தது.

போன். நம்பர் பிஸி.

மறுபடி. பிஸி.

கேபினுக்குள் தலைமறைப்பு அவன் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே முகம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. அவ்வளவு இருட்டாகும் நேரம் இன்னும் ஆகவில்லை.

மறுபடி. மணி அடித்தது.

"அக்கா, போடாதீங்க."

"என்னாச்சு? ரெண்டு கைன்னு சொன்ன."

"எண்ணல."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எண்ணிட்டுச் சொல்லு" என்றாள். "நான் போனை வைக்கல."

போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து மூன்று தடவை இழுத்தான். இறங்கு. விசில் நின்றது. பூட்ஸ் கம்பத்தில் உரசும் சத்தம். ஒவ்வொரு படியாக. வீட்டில் அக்காவிடம் கொண்டுபோய் விட வேண்டியவர் இவர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இவர்தான். குரல் இருக்கிறதே. விசில் இருக்கிறதே. கேபினில் இருப்பது எதுவோ அது அங்கேயே இருந்துவிட்டால் போதும்.

கேபின் கதவு திறந்தது.

இரண்டு பக்கமும் சரளைக்கல் நெரிபட்டது. இடதுபக்கம் லாரியிலிருந்து. வலதுபக்கம் கம்பத்திலிருந்து. ஓட முடியும். சாலை முன்னால்தான் இருந்தது. ஓடிப்போய் வீட்டில் அக்காவிடம் என்னவென்று சொல்வது?

எர்த்து லாரியின் முன்னால் போய் நின்றான். யாரும் சொல்லாமல், சத்தம் எதுவும் போடாமல், பானெட்டின் மேல் தன் வலது கையை வைத்தான். தலையைத் தூக்கவில்லை.

இஞ்சின் ஆறிப்போயிருந்தது. பனி படிந்து பானெட் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். அவன் கைச் சூட்டில் அதைச் சுற்றி மட்டும் துளிகள் காய்ந்து, ஒரு வட்டம் விரிந்தது.

இடதுபக்கத்திலிருந்து ஒரு கை வந்து பானெட்டில் படிந்தது.

வலதுபக்கத்திலிருந்து ஒரு கை.

இரண்டும் மச்சானின் வலது கை. இரண்டிலும் சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது, போன வாரம் லாரிக் கதவில் நசுங்கியது. இரண்டிலும் அதே மோதிரம்.

எர்த்து காத்திருந்தான். ஏதாவது ஒரு கையைச் சுற்றித் துளிகள் காயும் என்று. உயிருள்ள மச்சான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் போதும். அந்தப் பக்கத்து ஆளை இழுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடிவிடலாம். இடது கையைப் பார்த்தான். வலது கையைப் பார்த்தான். திரும்ப இடது.

இரண்டு கைகளின் விரலிடுக்குகளிலும் துளிகள் அப்படியே இருந்தன.

"எத்தனை கை?" என்றாள் போனில் கன்ட்ரோல் ரூம் அக்கா.

அவன் எண்ணினான். நிதானமாக, இடமிருந்து வலமாக. பிறகு வலமிருந்து இடமாக. ஒரு கையையும் விடாமல், இரண்டு தடவை.

"ஒண்ணு" என்றான்.

இரண்டு பக்கத்திலிருந்த கைகளும், அழுத்தத்தைக் குறைக்காமல், ஒரு துளியைக்கூடக் கலைக்காமல், அவன் கையை நோக்கி நகர ஆரம்பித்தன.