பூ எந்தக் கையில்

வில்லோ மரத்தில் தொங்கிய பொம்மைகளில் ஒன்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எலோய்சா சோளக்கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாற்பத்திரண்டு பொம்மைகளையும் தொங்கவிட்டவள் அவள்தான். எல்லாவற்றுக்கும் முகம் கால்வாய்ப் பக்கம். படகுகள் அங்கிருந்துதான் வரும். காற்றில் திரும்பாமலிருக்கக் கழுத்திலும் இடுப்பிலும் கம்பி கட்டியிருந்தாள். இந்தப் பொம்மையின் கம்பியை யாரோ அவிழ்த்து மறுபடி முறுக்கியிருந்தார்கள். துரு உதிர்ந்த இடம் பளபளத்தது.

பனி இன்னும் நீரைவிட்டு எழவில்லை. ஆகாயத்தாமரை அழுகும் வாடையும், நனைந்த மண்ணின் வாடையும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு படகிலிருந்து வந்த வறுத்த மிளகாய் வாடையும் ஒன்றாகக் கலந்து, கால்வாய் நடுவே அவள் வீடிருந்த திட்டின் மேல் அசையாமல் நின்றன. எங்கோ கழி ஊன்றும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

நபோர், என்று நினைத்தாள்.

நபோர் அவள் கணவனின் தம்பி. சோச்சிமில்கோ படகுத்துறையிலிருந்து அவளுக்குச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவருபவன். அண்ணன் இறந்த பிறகு திட்டைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி மூன்று முறை கேட்டிருந்தான். பயந்தால் போய்விடுவாள் என்று நினைக்கிறான்.

மதியம் அவன் வந்ததும் கேட்டாள்.

"பொம்மையை நீ திருப்புனியா?"

"நல்லா இருக்கே அண்ணி! நீங்க உண்டாக்குன பேயைப் பாத்து நீங்களே பயந்தா, நான் கூட்டிட்டு வர்றவங்க எதைப் பாத்துப் பயப்படுவாங்க?"

சிரித்தான். அவன் நகங்களைப் பார்த்தாள். துரு இல்லை. கழுவியிருக்கலாம்.

பேயை உண்டாக்கியவள் அவள் என்பது உண்மை. இந்தத் திட்டில் யாரும் மூழ்கியதில்லை. மேற்கே பொம்மைகள் தொங்கும் பெரிய பொம்மைத்தீவுக்குச் சுற்றுலாக் கூட்டம் போவதைப் பார்த்து, சந்தையில் உடைந்த பொம்மைகளை மூட்டையாக வாங்கி வந்தாள். பொம்மை மட்டும் போதவில்லை. கதையும் வேண்டியிருந்தது. ஒரு சிறுமி. ஆம்பாரோ. ஒன்பது வயது. துறையிலிருந்து குனிந்து ஆகாயத்தாமரைப் பூவைப் பறிக்கப் போனாள். மூன்றாம் நாள் கிடைத்தாள், பூவைப் பிடித்தபடியே.

"எந்தக் கையில்?" என்று படகில் வந்த ஒரு பெண் ஒருமுறை கேட்டாள்.

"இடது," என்றாள் எலோய்சா, யோசிக்காமல். அவள் மகள் சிட்லாலி இடதுகைக்காரி. வாயில் அதுதான் வந்தது. அப்போது சிட்லாலிக்கு ஐந்து வயது. போன வியாழன் ஒன்பது முடிந்தது.

நபோர் போன பிறகு, அன்று மாலை கால்வாய்ச் சேற்றை வாரி, நாற்றுப் பாத்தியாகத் துறையோரம் பரப்பினாள். பிசைந்த மாவுபோல வழுவழுப்பாக இழைத்தாள். மிதிக்காமல் யாரும் மரத்துக்குப் போக முடியாது.

சனிக்கிழமை காலை ஏழு பொம்மைகள் வீட்டைப் பார்த்தன.

பாத்தியில் காலடிகள் இருந்தன. சிறியவை. வெறுங்கால். நீரிலிருந்து தொடங்கி மரத்துக்குப் போயின. திரும்பிய தடம் இல்லை.

அவள் உள்ளே போய்ச் சிட்லாலியின் போர்வையை விலக்கினாள். பாதங்கள் சுத்தமாக இருந்தன. இடது கட்டைவிரலில் மட்டும் கம்பி கிழித்த புதுக் காயம்.

"நீதானா?"

"நான் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். அவதான் முறுக்குனா."

"எவ?"

"ஆம்பாரோ."

"சித்தப்பா சொல்லச் சொன்னாரா? உண்மையைச் சொல்லு."

"இல்லம்மா." சிட்லாலி கண்ணைக் கசக்கினாள். "அவ உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. அவளுக்கு வலது கைதான் வருமாம். நீ எல்லார்கிட்டயும் இடதுங்கிறியாம். அப்போ பூவோட மூழ்குனது நான் இல்ல, நீதான்னு என்கிட்ட சொல்றா."



ஞாயிறு நண்பகலுக்குள் துணிகளை மூட்டை கட்டிவிட்டாள். நபோர் அந்தியில் வந்து இருவரையும் நகரத்தில் அவள் அக்கா வீட்டில் விடுவதாகப் பேச்சு. அதுவரை மகளை வீட்டுக்குள் வைத்து வெளியே தாழிட்டுவிட்டுத் துறைப் பலகையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படகுகள் எக்காளமும் பீர்ச் சிரிப்புமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிறகு இடைவெளி விட்டு. பிறகு ஒன்றும் இல்லை. அவள் மரத்தைப் பார்க்கவில்லை. கம்பிகள் முனகுவது கேட்டது. காற்று இல்லை.

நபோரின் படகு கடைசியாக வந்தது. நாலைந்து பேர். அவன் கழியை ஊன்றியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தான். நீருக்கு மேல் தெளிவாகக் கேட்டது.

"...ஒன்பது வயசு. பேரு சிட்லாலி. இதோ, இந்தத் துறையிலதான்..."

"என்னடா சொல்ற!"

படகில் பேச்சு நின்றது. நபோர் விழித்தான்.

"என்ன அண்ணி? நாலு வருசமா நீங்க சொல்ற பேருதானே?"

விளையாடுகிறான். அவன் முகத்தைத் தேடினாள். சிரிப்பு இல்லை. பொய்யும் இல்லை.

"சரி சரி, கோபப்படாதீங்க. போய் ஆம்பாரோவைக் கூட்டிட்டு வாங்க. இருட்டுறதுக்குள்ள உங்க ரெண்டு பேரையும் விட்டுர்றேன்."

ஓடினாள்.

தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தாள். மேசைமுன் சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னல் நனைந்திருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் நீர். அழுகிய ஆகாயத்தாமரை வாடை.

கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வலது கையால்.

"மூட்டை கட்டியாச்சாம்மா?" என்றாள், திரும்பாமல்.

எலோய்சா பின்வாங்கினாள். வாசல். படி. மண்.

மரத்தில் நாற்பத்திரண்டும் திரும்பியிருந்தன. அவை பார்த்தது வீட்டை அல்ல. துறையை. அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த பலகையின் அடியை.

போனாள். மண்டியிட்டாள். நீர்மேல் அடர்ந்திருந்த ஆகாயத்தாமரை இலைகளை விலக்கினாள்.

ஒரு சின்னக் கை. இடது கை. கட்டைவிரலில் கம்பிக் காயம். விரல்களுக்குள் ஊதாப் பூ.

இன்னும் வாடவில்லை.