கரையாத பை

டிரிங்... டிரிங்...!

போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது. இன்ஸ்பெக்டர் மனோரமா எடுத்தாள்.

"மேடம்... சிங்கவரம் ரோடு பிளாஸ்டிக் ஃபேக்டரிலேர்ந்து ஷோபனா பேசறேன். என் வீட்டுக்காரரு... மண்டை உடைஞ்சு... செத்துக் கெடக்குறாரு மேடம்!"

ஜீப் பறந்தது.

நிலக்கடலை வயல்களுக்கு நடுவே ஒற்றை ஷெட். தூரத்தில் ராஜகிரி மலைக்கோட்டை. பக்கத்தில் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு மனிதன்... ம்ஹூம்! பேய்கூட இங்கே குடியிருக்க யோசிக்கும்.

மக்கும் பிளாஸ்டிக் என்று பையும் கப்பும் விற்கிறார்களே... உபயோகித்த பிறகு அதையெல்லாம் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் கரைத்து, லாக்டிக் அமிலமாகத் திரும்ப எடுக்கும் ஃபேக்டரி அது. முதலாளி வெற்றிவேல். தொழிலாளி அவன் மனைவி ஷோபனா. அவ்வளவுதான் மொத்த ஜனத்தொகை!

அதிலும் ஒன்று இப்போது தரையில் கவிழ்ந்து கிடந்தது.

"யார் மேல சந்தேகம்?"

"பஜார்ல பை விக்கிறாரே, ஆதிநாராயணன்... அந்தாளு மேல மேடம். நேத்து சாயந்தரம் இங்க வந்து செம சண்டை!"

"எதுக்கு?"

"தெரியலை. இன்னா சண்டைன்னு கேட்டேன். வீட்டுக்காரரு பதில் சொல்லலை." அவள் கண்கள் கலங்கின. "எப்பவும் சொல்ல மாட்டாரு."

கான்ஸ்டபிள் நெடுமாறன் கரைக்கும் தொட்டியை வடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தினார்.

"மேடம்! ஓடியாங்க!"

தொட்டியின் அடியில் முடிச்சுப் போட்ட பச்சைப் பை! 'நூறு சதவீதம் மக்கும் பை' என்ற எழுத்து அழியாமல் பளபளத்தது. ஷெட் மூலையில் குவிந்திருந்த, நேற்று வந்த பஜார் லோடிலும் அதே பைகள்தான்.

பிரித்தால்... ரத்தம் காய்ந்த ஸ்பானர்! ஒரு சொட்டு தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

அரை மணியில் ஆதிநாராயணன் வந்து சேர்ந்தான். ஜீப்பில்தான்!

"பை கரைஞ்சுடும். ரத்தம், ரேகை எல்லாம் காஸ்டிக்ல போயிடும். அதானே உன் திட்டம்?"

"ஐயோ மேடம்! நானா இருந்தா இந்தப் பையிலயா போடுவேன்? இது கரையாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"என்னய்யா உளர்றே?"

ஆதிநாராயணன் தலையில் அடித்துக்கொண்டான். கொலைகாரன் பட்டமா, ஃபிராடு பட்டமா? வியாபாரி அல்லவா... மலிவானதைத் தேர்ந்தெடுத்தான்.

"டூப்ளிகேட் மேடம்! சாதா பாலிதீன்ல பச்சை கலர் அடிச்சு விக்கிறேன். அதுக்குக் கேஸ் போடுங்க, ஃபைன் கட்டிடறேன். வெற்றிவேல் நேத்து அதைக் கண்டுபிடிச்சுத்தான் என் சட்டையைப் பிடிச்சாரு!" ஷோபனாவிடம் திரும்பினான். "ஏம்மா, உங்கிட்ட சொல்லலியா அவரு?"

ஷோபனா அந்தப் பச்சைப் பையையே வெறித்தாள்.

மனோரமா மெல்லத் திரும்பினாள். வியாபாரிக்கு விஷயம் தெரியும். செத்தவனுக்கும் தெரியும். அந்தப் பை கரையும் என்று இங்கே நம்பியது...

ஷோபனா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

"சொல்லலை மேடம். மெஷின்கிட்ட பேசுவாரு. போன்ல பேசுவாரு. எங்கிட்ட மட்டும் வாயே தொறக்க மாட்டாரு. நேத்து சோத்தப் போட்டுட்டு, 'ஒரு வார்த்தை பேசுய்யா'ன்னு கெஞ்சுனேன். திரும்பிக்கூட பாக்கலை. ஸ்பானர் கைக்கு வந்துச்சு..."

மூக்கை உறிஞ்சினாள்.

"பை டூப்ளிகேட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மாட்டியிருக்கவே மாட்டேன். பாவி மனுஷன்!"

நெடுமாறன் விலங்கை மாட்டினார்.

"மேடம்... ஒரேயொரு ஹெல்ப்பு."

"என்ன?"

"தனி ரூம்ல போட்டுடாதீங்க. வாயாடிங்க நாலு பேர் இருக்குற செல்லா பாத்துப் போடுங்க!"