நடைபாதையில் ஒரு பொத்தான் கடை

"இனிமே இந்தக் கடையில யாரும் பொத்தான் தைக்கக் கூடாது!"

சித்தப்பா இப்படிச் சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த ஊசி பாதியில் நின்றது.

சலவைக்கடை சித்தப்பாவுடையது. அம்மா அங்கே இஸ்திரி போடுகிறார். ஏதாவது சட்டையில் பொத்தான் இல்லையென்றால், தேய்க்கும் முன் ஒன்றைத் தைத்துவிடுவார். யாரிடமும் சொல்ல மாட்டார். காசும் கேட்க மாட்டார். முடிச்சுப் போடும்போது மட்டும், "போட்டுக்கிறவங்க நல்லா இருக்கட்டும் சாமி" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்.

"ஏன் சித்தப்பா?" என்று கேட்டாள் மகள் பட்டாசு. அவளுக்கு வேறு பெயர் உண்டு. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவதால், பள்ளியில்கூட அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள்.

"இது ரெமுனரேட்டிவ் இல்ல."

"அப்படின்னா?"

"லாபம் தராதுன்னு அர்த்தம். தைச்சது யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. அப்புறம் நமக்கு என்ன திரும்பி வரும்? பெரிய தெருவுல மெஷின் லாண்டரி வேற வந்தாச்சு. இப்படியே போனா நாம கடையை மூட வேண்டியதுதான், அண்ணி."

"கடை தம்பியோடது. விடும்மா" என்று அம்மா பட்டாசின் தோளைத் தட்டினார். ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் பள்ளியில் ஒரு பொடியன் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து போனான்.

"என்னடா, விட்டா சட்டை ஓடிப் போயிடுமா?" என்று இரண்டு பேர் கிண்டல் செய்தார்கள்.

அந்தச் சட்டையின் கை மடிப்பைப் பார்த்ததுமே பட்டாசுக்குத் தெரிந்துவிட்டது. அது அம்மா தேய்த்த சட்டை! அதில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

பட்டாசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக நூலகத்துக்குப் போனாள். அலமாரியிலேயே குண்டான அகராதியை இழுத்துப் போட்டாள். 'இதையெல்லாம் நிறுத்திய அந்தச் சொல்லை ஒரு கை பார்க்கிறேன்' என்று பக்கங்களைப் புரட்டினாள்.

சாயங்காலம் கடைக்கு வந்து, "சித்தப்பா, உங்க ரெமுனரேட்டிவ் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்றாள்.

"எங்கேருந்து வந்தா என்ன? நான் என்ன அதுக்கு வாடகைக்கு வீடா விடப் போறேன்?"

"லத்தீன் மொழியிலேருந்து வந்திருக்கு. அதுல 'முனுஸ்'னா பரிசு. முன்னாடி இருக்கிற 'ரெ'ன்னா திரும்ப. ஒருத்தர் கொடுத்த பரிசுக்குப் பதிலா இன்னொரு பரிசு கொடுக்கிறதுதான் அதோட பழைய அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்த புதுசுல, பரிசு கொடுக்கிற மனசு உள்ளவங்களைத்தான் ரெமுனரேட்டிவ்னு சொன்னாங்களாம். லாபமெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"சரி, அதுக்கு?"

"திரும்பி வரணும்னா, முதல்ல யாராவது கொடுக்கணும்ல?"

"அதெல்லாம் புத்தகத்துல. இது என் கடை. இங்கே என் நூலை எடுத்துத் தைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி. உங்க கடையில தைக்கல. உங்க நூலும் வேணாம்."

மறுநாள் மாலை, கடைக்கு எதிரே நடைபாதையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தாள் பட்டாசு. பக்கத்தில் பள்ளியில் கைவேலை வகுப்புக்கு வைத்திருந்த ஊசியும் நூலும். கிழிந்த பழைய உடுப்புகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்கள் ஒரு கிண்ணத்தில்.

முதலில் அந்தப் பொடியனுக்குத் தைத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினான்.

சித்தப்பா பதறிப்போய் வெளியே வந்தார். "எழுந்திரு! தெருவே பாக்குது. மானம் போகுது!"

"போகாது சித்தப்பா. கழண்டு விழுந்தா அதையும் தைச்சுக் கொடுக்கிறேன்."

அதற்குள் தேய்த்த சீருடையை வாங்கிக்கொண்டு கடையிலிருந்து பேருந்து ஓட்டுநர் வந்தார். "அட, ஒரு பொத்தானைக் காணோமே! சரி, எப்பவும் போல என் வீட்டுக்காரி தைச்சிடுவா."

"எப்பவும் தைச்சது எங்க அம்மாதான் மாமா."

ஓட்டுநர் வாயைப் பிளந்தார். "என்னது? நான் இத்தனை வருஷமா அவளுக்கில்ல நன்றி சொல்லிட்டு இருந்தேன்! அவளும் 'பரவாயில்லைங்க'ன்னு வாங்கிக்கிட்டாளே!"

பின்னால் நின்ற நர்ஸ் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் ஒரு தடவை மெஷின் லாண்டரிக்குப் போனேன். துணி பளபளன்னு வந்துச்சு. பொத்தான் பாதி உடைஞ்சு வந்துச்சு. இங்கே கொடுத்தா மட்டும் எப்படி எல்லாம் சரியா இருக்குன்னு யோசிச்சேன். காரணம் இதுதானா?"

"அதுக்காகவா இங்கேயே திரும்பி வந்தீங்க?" என்று கேட்டார் சித்தப்பா.

"வேற எதுக்கு வரணும்? உங்க சிரிச்ச முகத்தைப் பார்க்கவா?"

சிரித்தே அறியாத சித்தப்பா தலையைச் சொறிந்தார். மெல்லப் பட்டாசின் எதிரில் குந்தினார். "சரி, நீ ஜெயிச்சுட்ட. இதுல லாபம் இருக்குதான். உள்ளே வா, வந்து தை."

பட்டாசு எழுந்திருக்கவில்லை.

"நான் லாபத்துக்காகத் தைக்கல சித்தப்பா. இவங்க யாருமே திரும்பி வராட்டியும் தைச்சிருப்பேன். நாளைக்கு எல்லாரும் மெஷின் லாண்டரிக்கே போனாலும் தைப்பேன். அதுக்குச் சம்மதிச்சா உள்ளே வரேன்."

"அடேயப்பா! அண்ணி, உங்க பொண்ணு பேசுறதைக் கேட்டீங்களா?"

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வெளியே வந்து மகளுக்குப் பக்கத்தில், போர்வையில் உட்கார்ந்தார். ஒருநாளும் எதிர்த்துப் பேசாத அம்மா!

"நானும் அப்படித்தான் தம்பி" என்றார்.

"ரெண்டு பேரும் இங்கே உட்கார்ந்துட்டா உள்ளே யார் தேய்க்கிறது?"

"நீங்கதான்" என்றாள் பட்டாசு.

நடைபாதையே சிரித்தது. சித்தப்பா கடையைப் பார்த்தார். சீருடையோடு காத்து நின்ற ஓட்டுநரைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சரி தாயே. லாபம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. தைங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, போர்வையின் ஓரத்தில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு ஊசியை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"இதுல எப்படி நூல் கோக்குறது?"

"முதல்ல அதைத் தலைகீழாத் திருப்புங்க சித்தப்பா. ஓட்டை அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் பட்டாசு.